பதினோராம் அடுக்கின் சிப்பிகள்

உட்காருங்கள் என்றதும் உட்கார்ந்துவிட்டாள், அதுதான் ஞானசௌந்தரிக்கு ஆறவில்லை. பத்தேகாலுக்கு உட்கார்ந்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஆகப் போகிறது. சுரங்க அலுவலகத்தின் முன்னறையில் அதே பிளாஸ்டிக் நாற்காலி, எதிர்ச் சுவரில் பாதுகாப்பே முதல் கடமை என்ற அதே வாசகம், அதன் கீழே மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் கட்டை விரலை உயர்த்திச் சிரிக்கிறான், முக்கால் மணி நேரமாக வாய் மூடாமல் சிரிக்கிறான். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி பழமலை நல்ல மனிதர்தான், பட்டாளத்தில் இருந்தவராம், சல்யூட் அடித்துத்தான் உள்ளே விட்டார். அனுமதிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார், ஹெல்மெட் கொடுத்தார், பளபளக்கும் ஆரஞ்சுச் சட்டை கொடுத்தார், அப்புறம் குனிந்து அவள் காலைப் பார்த்தார். "மேடம், உங்க அளவுக்கு சேஃப்டி ஷூ இல்லையே. எட்டுலேர்ந்துதான் இருக்கு. ஷூ இல்லாம கீழ எறக்கினா என் வேல போயிடும். மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு, வந்ததும் கேட்டுச் சொல்றேன். உக்காருங்க." அவள் கால் ஐந்தாம் நம்பர். அதற்கு அவள் என்ன செய்ய முடியும்? இருபத்திரண்டு வருஷமாகத் திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கிறவள், ஐம்பத்திரண்டு வயசு, அதிகாலை எழுந்து இட்லி ஊற்றி வைத்துவிட்டு இரண்டு பஸ் மாறி அரியலூர் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் முதுகு முறியக் குலுங்கி வந்து சேர்ந்தவள், கால் சின்னதாக இருக்கிறது என்பதற்காக உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் சொன்னதும் உட்கார்ந்தாள். சரிங்க என்று வேறு சொன்னாள். அந்தச் சரிங்க இன்னும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது.

பன்னிரண்டரைக்கு மருந்து இறக்க ஆரம்பித்துவிடுவார்கள். போன வாரமே கொளஞ்சி போனில் சொல்லிவிட்டார். கொளஞ்சி இந்தச் சுரங்கத்தின் வெடிக்காரர், பத்துப் பன்னிரண்டு வருஷமாக மாணவிகளைக் கூட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் பார்த்துப் பழக்கம், வெடிமருந்தை மருந்து என்றுதான் சொல்வார், ஏதோ குழந்தைக்குக் கொடுப்பது மாதிரி. "மேடம், நீங்க கேட்டுக்கிட்டே இருப்பீங்களே, அந்தச் சாம்பக் களி, தெக்குப் பக்கம் வெளிய வந்திருக்கு. சிப்பி சிப்பியா குத்திக்கிட்டு நிக்குது. செவ்வாக்கெழம அந்தப் பாற மொகத்த வெடி வச்சு அடிக்கிறோம். பன்னெண்டரைக்கு மருந்து எறக்குவோம், அதுக்கப்புறம் அங்க ஈ காக்கா நிக்கக் கூடாது, அதுக்கு முந்தி வந்துடுங்க." முந்தி வந்தாயிற்று. வந்து உட்கார்ந்தாயிற்று. இங்கிருந்து நடந்தால் இருபது நிமிஷம், ஜீப்பில் ஏழு நிமிஷம், அந்தச் சரிவுக்குக் கீழே ஏழு கோடி வருஷத்துக்கு முந்திய கடலின் தரை திறந்து கிடக்கிறது, இவள் இங்கே டைல்ஸ் தரையை எண்ணிக்கொண்டிருக்கிறாள். வரிசைக்குப் பதினாறு. ஓரத்தில் ஒன்று உடைந்திருக்கிறது. உடைந்ததைச் சேர்ப்பதா விடுவதா? சிப்பிகளைக் கணக்கெடுக்கும்போது உடைந்த சிப்பி ஓட்டை எண்ணக் கூடாது, சுருண்ட கொண்டை இருந்தால் எண்ணலாம், ஆராய்ச்சிக்கு வழிகாட்டின மாசிலாமணி சார் அப்படித்தான் சொல்லுவார், மறுபடி மாசிலாமணி சார், எதை நினைத்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேயே போய் நிற்கிறது.

இருபத்துநான்கு வருஷம். எக்ஸோகைரா என்று பேர் அந்தச் சிப்பிக்கு. இன்றைக்கு உலகத்தில் எந்தக் கடலிலும் கிடையாது, டைனோசர்களோடு சேர்ந்து போன இனம். இடது ஓடு கனமாக, கிண்ணம் மாதிரி குழிந்து, கொண்டைப் பக்கம் காது மடல் போலச் சுருண்டிருக்கும். வலது ஓடு தட்டையான மூடி. சுண்ணாம்புக்கல் தோண்டுகிறவர்கள் கல்லுச்சிப்பி என்று எடுத்து எறிவார்கள். மாசிலாமணி சார் இந்தச் சுரங்கத்தின் சுவரை அடுக்கு அடுக்காக அளந்து, எண் போட்டு, புத்தகமாக எழுதினவர். பத்தாம் அடுக்கு மஞ்சள் மணல், அதோடு எக்ஸோகைரா முடிந்தது. அதற்கு மேலே பதினோராம் அடுக்கு, சாம்பல் நிறக் களி, அதில் ஒன்றுகூடக் கிடையாது. புத்தகத்தில் கோடு போட்டுக் காட்டியிருந்தார், கோட்டுக்கு மேலே வெறும் வெள்ளைத் தாள். அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், சித்திரை வெயிலில், பதினோராம் அடுக்கின் களியிலிருந்து இவள் ஒரு எக்ஸோகைராவை எடுத்தாள். கையளவு. கொண்டை முழுசாக. கத்த வேண்டும் போல இருந்தது, பக்கத்தில் யாருமில்லை, டம்ப்பர் லாரி ஒன்று மட்டும் தூரத்தில் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் டிபார்ட்மென்டில் அவர் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தாள். எடுத்தார். திருப்பினார். கட்டை விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். வைத்தார். "தூக்கிப் போடு" என்றார். அவ்வளவுதான், தூக்கிப் போடு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வேறு யாரோ வந்தார்கள், பரீட்சைத் தாள் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவள் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தூக்கிப் போடவில்லை. ஆனால் ஆய்வேட்டில் அதைப் பற்றி ஒரு வரி எழுதவும் இல்லை. தன் புத்தகத்தில் கோடு போட்ட மனுஷருக்கு, நேற்று வந்த ஒரு பெண் கோட்டைத் தாண்டி ஒன்றை எடுத்து வந்து வைத்தால் பிடிக்குமா? பிடிக்காது. அதனால்தான். அதனாலேதான். இருபத்துநான்கு வருஷமாக இந்த இடத்துக்கு வந்ததும் மனசு பல்லைக் கடிக்கிறது, பல்லைக் கடித்துத் தாடை வலித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது, எடுத்தார், திருப்பினார், கட்டை விரலை உள்ளே விட்டார்.

போன் அடித்தது. லூயிஸ். இந்த மனுஷனுக்கு நேரம் காலம் கிடையாது. "சௌந்தரி, மோட்டார் ரிப்பேர்காரன் வந்திருக்கான். அந்த ஸ்விட்ச் பாக்ஸ் சாவிய எங்க வச்ச?" "ஃப்ரிட்ஜ் மேல." "ஃப்ரிட்ஜ் மேல இல்லையே." "ஃப்ரிட்ஜ் மேல, டப்பாவுக்குப் பின்னால." "எந்த டப்பா?" "ஒரு டப்பாதாங்க இருக்கு ஃப்ரிட்ஜ் மேல!" கத்திவிட்டாள். மேஜையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்த பெண், ஹேமலதா என்று கழுத்துப் பட்டையில் போட்டிருந்தது, நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். "கெடச்சிடுச்சு" என்றான் லூயிஸ். "அப்புறம், உன் சிப்பி கெடச்சுதா?" "இன்னும் உள்ளேயே விடலை." "ஏன்?" "ஷூ இல்லையாம்." அந்தப் பக்கம் சிரிக்கிறானா இருமுகிறானா தெரியவில்லை. "ஷூவா?" என்றான். அவள் வைத்துவிட்டாள். நல்லவன். கல்யாணமான புதிதில் அந்தக் கதையை ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்பவே அவர்கிட்ட ஏன்னு கேட்டிருக்க வேண்டியதுதானே" என்றான். கேட்டிருக்க வேண்டியதுதான். ஏன் சார் என்று இரண்டே வார்த்தை. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு இல்லை, வேலை இல்லை, ஊரில் அப்பா இரண்டாவது தடவை மாப்பிள்ளை பார்த்து வைத்துவிட்டு முடித்துவிட்டு வாம்மா என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வார்த்தைதான். அதைக் கேட்காமல் விட்டவள்தான் இன்றைக்கும் கால் நம்பர் ஐந்து என்றதும் சரிங்க என்று உட்கார்ந்திருக்கிறாள், இருபத்துநான்கு வருஷத்தில் தலை நரைத்ததே தவிர அந்தச் சரிங்க நரைக்கவில்லை.

பதினொன்றேகால். மீட்டிங் நடக்கும் அறைக்குள் டீ போகிறது. தட்டில் எட்டு டம்ளர், பிஸ்கட், அப்படியானால் இன்னும் அரை மணி நேரம் நிச்சயம். அவள் கைப்பையைத் திறந்து ஜிப்பை மூடினாள். உள்ளே சுத்தியல், உளி, பழைய பேனாக்கத்தி, அளவு நாடா, செய்தித்தாள் சுருள், அதோடு நான்காக மடித்த ஒரு கடிதம். மடித்த இடத்தில் கிழிய ஆரம்பித்துவிட்டது. ஆராய்ச்சி இதழிலிருந்து வந்தது. போன வருஷம் அவள் கட்டுரை அனுப்பினாள், பதினோராம் அடுக்கில் எக்ஸோகைரா உண்டு, அந்த இனம் இங்கே இதுவரை சொன்னதைவிடக் கொஞ்ச காலம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறது என்று. யாரென்று தெரியாத ஒரு மதிப்பீட்டாளர் பதில் எழுதியிருந்தார். ஒரே ஒரு ஓடு, மூடி இல்லை, எந்த நிலையில் கிடந்தது என்பதற்குப் படம் இல்லை, கீழ் அடுக்கிலிருந்து அரித்துக் கொண்டுவரப்பட்டதாக இருக்கலாம். இருக்கலாமாம். வாழ்ந்த இடத்திலேயே செத்தது என்பதற்கு இரண்டு ஓடும் மூடியபடி களிக்குள் கிடக்கிற ஒன்றைக் காட்டினால் பரிசீலிக்கலாம் என்று எழுதியிருந்தார். நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதத்தில் இல்லாத ஒரு வரியைத்தான் அவள் ஒவ்வொரு தடவையும் படிக்கிறாள், மாசிலாமணி செத்த பிறகுதானே அம்மா இதை எழுதினாய் என்ற வரியை. அவர் போய் மூன்று வருஷம். அடக்கத்துக்குப் போனாள், மாலை போட்டாள், அவர் மகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நிஜமாகவே அழுதாள், அழுதுகொண்டிருக்கும்போதே உள்ளே எங்கேயோ ஒரு குரல் இனிமேல் எழுதலாம் என்றது. அந்தக் குரலை அவள் யாரிடமும் சொன்னதில்லை. லூயிஸிடம்கூட. பாவசங்கீர்த்தனத்தில்கூட. எந்தப் பாவத்தில் அதைச் சேர்ப்பது? இன்றைக்குக் கீழே போய், மூடிய சிப்பி ஒன்றை எடுத்துவிட்டால் அந்தக் குரல் அடங்கிவிடும். உண்மையைத்தானே சொன்னேன், எப்போது சொன்னால் என்ன? எடுக்காவிட்டால்? அது ஒரு பயம். அதையும்விட இன்னொரு பயம் இருக்கிறது. எடுத்துவிட்டால், இருபத்துநான்கு வருஷத்துக்கு முன்னாலேயே, ஏன் சார் என்று கேட்டிருந்தால் அப்போதே கிடைத்திருக்கும் என்றாகிவிடும். அதையாவது தாங்க முடியுமா?

பதினொன்றே முக்கால். "எக்ஸ்க்யூஸ் மீ" என்றாள் ஹேமலதாவிடம். "மேனேஜர் எப்ப வருவாருன்னு..." "மீட்டிங் முடிஞ்சதும் மேடம்." "மீட்டிங் எப்ப முடியும்?" "தெரியலையே மேடம்." "பன்னெண்டரைக்குள்ள நான் கீழ போயாகணும்மா." "சார்தானே மேடம் டிசைட் பண்ணணும்." அந்தப் பெண்ணின் குரலில் கெடுதல் ஒன்றுமில்லை. எங்கேயும் கெடுதல் இல்லை, அதுதான் ஆளைக் கொல்கிறது. யாராவது ஒருத்தர் முடியாது போ என்று சொன்னால் சண்டை போடலாம். எல்லாரும் உட்காரச் சொல்கிறார்கள், மரியாதையாக, தண்ணீர் வேண்டுமா மேடம் என்று கேட்டுக்கொண்டு. அவள் நின்றபடியே சுற்றிப் பார்த்தாள். கதவுக்குப் பக்கத்தில் இரும்பு அலமாரி, கீழ்த்தட்டில் கறுப்பு ஷூக்கள் வரிசையாக, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு. இவ்வளவு நேரமும் அவளுக்கு எட்டடி தூரத்தில்தான் இருந்திருக்கின்றன. எட்டாம் நம்பர். பழமலை என்ன சொன்னார்? உங்க அளவுக்கு இல்லை என்றார். ஷூ இல்லை என்றா சொன்னார்? ஷூ இல்லாமல் இறக்கினால் என்றுதானே சொன்னார்? அவள் போய்க் கீழ்த்தட்டிலிருந்து ஒரு ஜோடியை உருவினாள். செங்கல் கனம். யாருடையதோ வியர்வை நாற்றம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், கைப்பையிலிருந்த செய்தித்தாளைக் கசக்கி முன்பக்கம் திணித்தாள், காலை விட்டாள், கயிற்றைக் கணுக்காலைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். ஹேமலதா எழுந்து நின்றுவிட்டாள். "மேடம், எட்டு போட்டுக்குவீங்களா? பெருசா இருக்குமேன்னுதான்... மொதல்லயே சொல்லியிருந்தா அப்பவே அனுப்பியிருப்போமே." மொதல்லயே சொல்லியிருந்தா. ஒன்றரை மணி நேரம். ஞானசௌந்தரிக்கு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று தெரியவில்லை. பழமலை வாசலில் நின்று ஷூவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சல்யூட் அடித்தார். "விழுந்துடாம போங்க மேடம்" என்றார்.

கொளஞ்சி ஜீப்பை எடுத்துக்கொண்டு தானே வந்திருந்தார். ஒல்லியான ஆள், காது மடலில் வெள்ளை முடி, பேசும்போது வெடிச்சத்தத்துக்குப் பழகினவர்களைப் போல உரக்கப் பேசுவார். "எங்க மேடம் ஆளயே காணோம்? ஒம்போதரையிலேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கேன். பன்னெண்டரை, அதுல மாத்தமில்ல, சொல்லிட்டேன்." "தெரியும் கொளஞ்சி, ஓட்டுங்க." சரிவு வளைந்து வளைந்து இறங்கியது. வெள்ளைப் புழுதி வாயெல்லாம் மாவு மாதிரி ஒட்டியது. ஒவ்வொரு வளைவிலும் சுவரின் அடுக்குகள் மேலே ஏறிக்கொண்டே போயின, பதினான்கு, பதின்மூன்று, அவளால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும், பன்னிரண்டு, அதன் கீழே ஆள் உயரத்துக்குச் சாம்பல் களி, ஈரமாக, புதிதாக வெட்டுப்பட்டு, வெயிலில் ஈயம் மாதிரி மின்னியது. அதற்கும் கீழே மஞ்சள். "அங்கதான்" என்று கொளஞ்சி கை காட்டினார். துளை போட்ட இடங்களில் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் நட்டிருந்தார்கள். மணி பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம். இருபத்தைந்து நிமிஷம், இருபத்துநான்கு வருஷத்துக்கு. வருஷத்துக்கு ஒரு நிமிஷம் என்று மனசு கணக்குப் போட்டது, போடாதே, வேலையைப் பார்.

கொளஞ்சி பொய் சொல்லவில்லை. களியின் அடிப்பக்கம் முழங்கால் உயரத்தில் ஒரு வரிசையாகச் சிப்பிகள் துருத்திக்கொண்டு நின்றன. எக்ஸோகைராதான், சந்தேகமே இல்லை, அந்தச் சுருட்டை. அவள் மண்டி போட்டாள், பெரிய ஷூவுக்குள் கால் வழுக்கியது, வலது முழங்கால் சுரீர் என்றது. முதல் ஓடு, இடது, மூடி இல்லை. இரண்டாவது, மூடி இல்லை. மூன்றாவது குப்புறக் கிடந்தது, மூடி இல்லை, ஓரமெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தது, ஆற்றில் உருண்ட கூழாங்கல் மாதிரி. நான்காவது, ஐந்தாவது. வேண்டாம், நினைக்காதே, எழுது. ஆறாவது. ஏழாவதின் களியை விரலால் ஒதுக்கினாள். மூடி இருந்தது. தட்டையான வலது ஓடு, தன் இடத்தில், இறுகப் பொருந்தி, களிக்குள் அப்படியே. அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்தாள். படம் எடுத்தாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே களி தெரியும்படி, கீழே மஞ்சள் கோடு தெரியும்படி, ஒன்பது படம். மதிப்பீட்டாளர் கேட்டது இதுதான். இது போதும். இதோடு எழுந்து ஜீப்பில் ஏறிவிடலாம், அரை நாளில் இந்தச் சுவரே இருக்காது, யாரும் வந்து மறுபடி பார்க்க முடியாது. அப்படி ஏன் தோன்றியது? யாரும் பார்க்க முடியாது என்று ஏன் தோன்ற வேண்டும்? அந்தக் கேள்வி வந்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. பேனாக்கத்தியை எடுத்தாள். மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நுனியை வைத்தாள், வைத்தபடியே இருந்தாள். தூரத்தில் கொளஞ்சி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். திருகினாள். மூடி ஒரு சின்னச் சத்தத்தோடு எழும்பியது. உள்ளே மஞ்சள்.

மஞ்சள் மணல். வயிறு நிறைய, கெட்டியாக, பத்தாம் அடுக்கின் மஞ்சள் மணல், சாம்பல் ஒரு சிட்டிகை இல்லை. இந்தச் சிப்பி மஞ்சளில் வாழ்ந்து, மஞ்சளில் செத்து, மஞ்சளால் நிரம்பி, கல்லாக இறுகின பிறகு, கடல் திரும்ப வந்து தரையை அரித்து, இதைப் பெயர்த்தெடுத்துப் புதுக் களியில் போட்டிருக்கிறது. இரண்டாவது தடவை புதைந்த பிணம். அவள் அடுத்ததைப் பெயர்த்தாள், உள்ளே மஞ்சள். முதலில் விட்டவைகளுக்குத் திரும்பிப் போய்க் குடைந்தாள், மஞ்சள், மஞ்சள், ஒவ்வொன்றின் குழியிலும் கொண்டையின் சுருள் வரைக்கும் மஞ்சள். பதினொன்று, பன்னிரண்டு. கோடு சரி. வெள்ளைத் தாள் சரி. மாசிலாமணி சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பார்க்காமலே சொன்னாரா? எப்படிச் சொன்னார்? ஒரு கையில் கத்தி, ஒரு கையில் சிப்பி, அவள் அந்த மஞ்சளையே வெறித்துக்கொண்டிருந்தாள். அவள் அன்றைக்கு எடுத்த சிப்பிக்குள் மஞ்சள் இருந்ததா? இருக்கவில்லை. அது வெள்ளை வெளேரென்று, உட்பக்கம் பீங்கான் மாதிரி வழவழவென்று இருந்தது. ஏன் இருந்தது? கத்தி நுனியிலிருந்து ஒரு மணற்கட்டி உதிர்ந்து ஷூவின்மேல் விழுந்தது. அப்போதுதான் வந்தது, எங்கேயோ அடியிலிருந்து, இத்தனை வருஷம் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத ஒரு சாயங்காலம். ஹாஸ்டல் குளியலறை, பச்சை பக்கெட், சுவரில் ஏறும் எறும்பு வரிசை. அவள் குந்தி உட்கார்ந்து பழைய டூத் பிரஷ்ஷால் சிப்பியைத் தேய்க்கிறாள், உள்ளே அடைத்துக்கொண்டிருந்த மண்ணைக் கொண்டை ஊசியால் கிண்டிக் கிண்டி எடுக்கிறாள், பாட்டு வேறு பாடுகிறாள், காலையில் சாரிடம் அழகாகக் காட்ட வேண்டுமென்று. பக்கெட் தண்ணீர் என்ன நிறம்? நினைவு அங்கே போய் முட்டியது. கலங்கல். வெறும் கலங்கல். மஞ்சளா, சாம்பலா? எவ்வளவு கசக்கினாலும் நிறம் வர மறுத்தது. ஆனால் அந்தப் பக்கெட்டுக்குப் பின்னாலேயே மறுநாள் காலையும் வந்தது, இதுவரை ஞாபகம் வைத்திருந்ததைவிட ஒரு வரி கூடுதலாக. எடுத்தார். திருப்பினார். கட்டை விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். "கழுவிட்டியாம்மா?" என்று கேட்டார். "ஆமா சார், நல்லா கழுவிட்டேன்" என்றாள் அவள், பெருமையாக, சிரித்துக்கொண்டு. அவர் அதைக் கீழே வைத்தார். தூக்கிப் போடு என்றார்.

"மேடம், நேரமாச்சு!" கொளஞ்சி வந்து தலைக்கு மேலே நின்றார். "எழுந்திரிங்க, ஆளுங்க மருந்தோட நிக்கிறாங்க." அவள் இன்னும் மூன்று சிப்பிகளைக் குடைந்து, மஞ்சள், மஞ்சள், மஞ்சள் என்று நோட்டில் எழுதி, பிறகுதான் எழுந்தாள். எழும்போது கை கொடுத்தார். "கெடச்சுதா?" "கெடச்சுது." "நல்லதாப் போச்சு" என்றார் அவர், வேறெதுவும் கேட்கவில்லை. ஜீப்பில் ஏற்றி மேலே கொண்டுபோய், மண்மேட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தேடிக்கொண்டிருந்தாள். அவர்மேல் வைக்க முடியவில்லை, எடுத்துவிடவும் முடியவில்லை. கழுவினதால் சாட்சி போய்விட்டது, போன சாட்சியை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணாடி துடைக்கிற நேரம். யாரோ உள்ளே வந்தார்களே, பரீட்சைத் தாள் என்று, அவர்கள் கொஞ்சம் தாமதித்து வந்திருந்தால் சொல்லியிருப்பாரோ? இவள் ஏன் சார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கட்டாயம் சொல்லியிருப்பார். கேட்காவிட்டாலும் சொல்லியிருக்கலாம். ஒரு பெண் மேஜைக்கு முன்னால் முகம் செத்துப்போய் நிற்கிறாள் என்று தெரியாதா அவருக்கு? கல்லைப் பார்த்த கண் அதைப் பார்க்காதா? போனை எடுத்தாள், இதழாசிரியருக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரி எழுதினாள், காரணம் எழுதினாள், காரணம் இரண்டு பக்கம் வந்தது, அழித்தாள், மறுபடி ஒரு வரியாக்கினாள், சிக்னல் இல்லை, அனுப்பும் பொத்தானில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

சங்கு ஊதியது. கொளஞ்சி ஓடிவந்து கொட்டகைக்குள் நுழைந்து அவள் பக்கத்தில் குந்தினார், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினார். அவள் பொத்திக்கொள்ளவில்லை. முதலில் தரைதான் சொன்னது, உள்ளங்காலில் ஒரு குத்து, அதன் பிறகு சத்தம், அதன் பிறகு தகரக் கூரைமேல் பொடிக்கல் மழை. தெற்குப் பக்கம் புழுதி எழும்பி மெதுவாக விரிந்தது, கீழே கொஞ்சம் மஞ்சளாக, மேலே சாம்பலாக, பிறகு இரண்டும் கலந்து எந்த நிறமென்று சொல்ல முடியாமல். எதிரொலி சுவருக்குச் சுவர் மோதி அடங்கி, அடுத்த சங்கு ஊதுவதற்கு முன்னால் ஒரு அமைதி வந்தது, அந்த அமைதியில் ஞானசௌந்தரி வாய்விட்டுச் சொன்னாள், தான் சொல்கிறோம் என்றே தெரியாமல், தொண்டை கிழிய, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

காதிலிருந்து கையை எடுத்த கொளஞ்சி திரும்பி அவளைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "என்ன மேடம் இப்பிடிக் கேக்கறீங்க?" என்றார், நிஜமாகவே மனசு நொந்து. "போன வாரமே போன் போட்டுச் சொன்னேனே. பன்னெண்டரைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."